பதினொரு கீற்று

மன்னிக்கணும் தம்பி, இந்தச் சுருள் உங்கள் முழங்காலில் இடிக்கிறது. மடக்கி வையுங்கள் பெரியவரே என்று கண்டக்டரும் சொல்லிவிட்டார். மடக்கினால் முகத்தில் கோடு விழும். கோடு விழுந்தால் அப்புறம் எவ்வளவு நீவினாலும் போகாது என்று ஃபிளெக்ஸ் கடைப் பையன் சொல்லித்தான் கையில் கொடுத்தான். மேலே கம்பியில் வைத்தால் உருண்டு யார் தலையிலாவது விழும். அதனால்தான் இப்படி மடியில் குறுக்காக வைத்திருக்கிறேன். அந்த முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? நல்லது. திண்டுக்கல் வரைக்கும்தான்.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லை. கூச்சம். பக்கத்தில் இருப்பவர் பெயர் கேட்டால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்றைக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இதுவா? என் பேத்தி வயதுக்கு வந்ததற்கு அடித்த பேனர். பழையது ஒன்று வீட்டில் இருக்கிறது, இது புதிது. இதை அவள் தாய்மாமனிடம் காட்டி, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு இன்று இரவுக்குள் ஊர் திரும்ப வேண்டும். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவன் வந்தால்தான் அவள் எழுத முடியும்.

பரீட்சைக்கும் தாய்மாமனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். எனக்கு எதையும் வரிசையாகத்தான் சொல்ல வரும். வாடிப்பட்டி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மானாமதுரைக்குத் தெற்கே உள்ளே தள்ளி. என் மகன் மலேசியாவில் இருக்கிறான். வீட்டில் நான், மருமகள் செல்வராணி, பேத்தி இலக்கியா, மூன்று பேர். இலக்கியாவோடு எங்கள் ஊரிலிருந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது பதினாலு பிள்ளைகள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இவள் ஒருத்தி. மற்ற பதின்மூன்றும் எங்கே போயின என்று ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு பிள்ளைகள் செங்கல் சூளைக்குப் போயின. தை பிறந்தால் குடும்பத்தோடு லாரி ஏறுவார்கள், ஆனியில் திரும்புவார்கள், அதற்குள் எந்த வகுப்பில் இருந்தோம் என்பதே பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். மூன்று பெண்கள் மில்லுக்கு. ஒருத்திக்குக் காது கேட்காது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று அவள் அப்பன் நிறுத்திவிட்டான். நாலு பையன்கள் ஓட்டலில் தட்டுக் கழுவப் போனார்கள். ஒருவன் ஆட்டுக் கிடையோடு போனவன், இப்போது எந்த ஊர்க் காட்டில் இருக்கிறானோ. ரெண்டு பெண்கள், பள்ளிக்கூடக் கக்கூசுக்குக் கதவு இல்லை என்று நின்றவர்கள். ஆச்சா, பதின்மூன்று.

இலக்கியாவையும் நிறுத்தத்தான் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போக வேண்டும். இலவச பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகளைக் கண்டால் டவுன் பஸ் நிற்காது. தினமும் தூசியை விழுங்கிக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் நான் போய் நடுரோட்டில் நின்றுவிட்டேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, சாகணும்னா வேற வண்டியப் பாரு"ன்னு கத்தினார். நகராமல் நின்றேன். மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் நான் வேப்பமரத்தடியில் நிற்பது தெரிந்ததுமே பிரேக் போட்டார். அப்புறம், "ஏறு தாயி, உங்க தாத்தன் என் வேலைக்கு உலை வச்சிருவாரு"ன்னு அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கக்கூசுக் கதவு. எழுதிப் போட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். எனக்கு எழுதத் தெரிந்த அளவுக்கு நானும் எழுதிப் போட்டேன், ஐந்தாம் வகுப்பு எழுத்து. வரவில்லை. என் வீட்டுப் புறவாசல் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போய் அங்கே மாட்டினேன். அளவு ஒரு விரற்கடை கூடுதல், இழைத்துச் சரி செய்தேன். இன்றைக்கும் எங்கள் புறவாசலுக்குச் சாக்குப் படுதாதான். நாய் உள்ளே வரும், கோழி வரும், வரட்டும்.

அப்புறம் என் மகன். எட்டாவது முடிந்ததும், "மில்லுல சேத்துவிடுப்பா, கூட்டாளிப் புள்ளைக போகுதுக"ன்னு மலேசியாவிலிருந்து போன். அவள் மில்லுக்குப் போனால் இந்த வீட்டில் நான் சோறு தின்ன மாட்டேன் என்றேன். சொன்னபடி தின்னவும் இல்லை. ரெண்டாம் நாள் அவனே, "அந்தாளச் சாப்பிடச் சொல்லு, புள்ள படிக்கட்டும்"ன்னு செல்வராணியிடம் சொல்லிவிட்டான்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை தம்பி. எந்தத் தடை வந்தாலும் தள்ளினேன். இந்த ஒன்றைத்தான் என்னால் தள்ள முடியவில்லை. அது அவள் தாய்மாமன் கையில் இருக்கிறது. அதற்குத்தான் இந்த ஓட்டம்.

மாசி மாதம் அவள் வயதுக்கு வந்தாள். பதினைந்து நடக்கிறது. கொஞ்சம் தாமதம்தான். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், செல்வராணி வேண்டாத தெய்வம் இல்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாய்மாமன் பூமிநாதன் திண்டுக்கல்லில் பரோட்டா மாஸ்டர். தகவல் போன அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டான். எங்கள் பக்கம் வயதுக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள் சேர்க்க மாட்டோம். வாசலில் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டி, அதில் உட்கார வைப்போம். அதைக் கட்டுவது தாய்மாமன். ஒன்பதாம் நாள் அதைப் பிரித்துக் கொளுத்தி, தண்ணீர் ஊற்றி, சீர்ப் புடவை கட்டி உள்ளே அழைப்பதும் அவன்தான். அவனே மரம் ஏறினான், அவனே வெட்டினான், அவனே முடைந்தான். பதினொரு கீற்று, ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். நல்ல கைவேலை. கொஞ்சம்கூட இடுக்கு இல்லை. "மாமா, மழ பேஞ்சாலும் என் மருமவ மேல சொட்டு விழாது"ன்னு சொல்லிவிட்டுப் போனான். தங்கமான பையன். கோபம்தான் முன்னால் வரும்.

ஒன்பதாம் நாள் விசேஷத்துக்குப் பேனர் அடிக்கிற பொறுப்பு எனக்கு. செல்வராணி, "மாமா, நீங்க பாத்தா தப்பு வராது"ன்னு படங்களை எல்லாம் என்னிடம் கொடுத்தாள். முப்பத்தொரு படம். யாரை எங்கே வைப்பது என்று சண்டை வருவதெல்லாம் இதில்தான். எனக்குத் தெரியாதா? அதனால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி வயதுப்படி அடுக்கினேன். ஆள் ஆளாகப் பிறந்த வருஷம் கேட்டு, சந்தேகம் வந்தால் ரேஷன் கார்டைப் பார்த்து, மூத்தவர் மேலே, இளையவர் கீழே. இதைவிட நியாயம் உண்டா? ஊரில் இப்போது இருக்கிறதில் நான்தான் மூத்தவன், அதனால் என் படம் உச்சியில் வந்தது. நானாகவா வைத்தேன்? வயது வைத்தது.

பூமிநாதனுக்கு முப்பத்து நாலு. கீழ் வரிசையில், மூலையில், சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். அதோடு அந்தக் கடைக்காரர் தன் போன் நம்பரை அந்த மூலையில் அச்சடித்துவிட்டார். அது நான் செய்தது இல்லை.

ஒன்பதாம் நாள் அவன் மேளத்தோடு வருகிறான். சீர்த்தட்டு நாற்பத்தொன்று. கூட திண்டுக்கல் கூட்டாளிகள். வாசலுக்கு வந்ததும் ஒருவன் பேனரை அண்ணாந்து பார்த்து, "மாப்ள, நீ எங்கடா?"ன்னான். இன்னொருவன் குனிந்து தேடி, "அந்தா, போன் நம்பருக்குக் கீழ! தாய்மாமன் வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடணும்போல"ன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மேளக்காரனும் சிரித்தான். பூமிநாதன் முகம் எப்படி ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "குச்சு கட்ட மட்டும் நான் வேணும், படத்துல நம்பருக்குக் கீழயா? உச்சியில உக்காந்திருக்காருல்ல, அவரையே பிரிச்சுக்கச் சொல்லுங்க!" அவ்வளவுதான் சொன்னான். மேளம் நின்றது. தட்டு நாற்பத்தொன்றும் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

என்னை எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டான் பாருங்கள். வயதில் மூத்தவனை, சபையில்.

அன்றிலிருந்து அவள் குச்சில் இருக்கிறாள். ஆமாம், இன்று வரைக்கும். மாசி போய்ப் பங்குனி பாதி ஆகிவிட்டது.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. கட்டினவன் கையால் பிரிக்காமல் எப்படி வெளியே விடுவது? காரணம் இல்லாமல் சொல்லவில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்தாள், பேச்சி. அவள் குச்சில் இருந்தபோது வைகையில் வெள்ளம், தாய்மாமன் அக்கரையில் மாட்டிக்கொண்டார். காத்திருந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பிரித்தார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள், பிள்ளை இல்லையென்று. திரும்பி வந்த வருஷமே கிணற்றில் கிடந்தாள். வேறு கை பட்டுவிட்டது, வேறு கை பட்டுவிட்டது என்று எங்கள் அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பேச்சியைக் கிணற்றிலிருந்து தூக்கினவர்களில் நானும் ஒருவன். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. இலக்கியாவுக்கு அப்படி ஒன்று வந்தால்? படிப்பும் வேண்டும், அவளும் வேண்டும். ரெண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் எதை எடுப்பேன்?

அதற்காக அவள் படிப்பை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குச்சுக்குள் போகிற தட்டு, பாய், துணி எதுவும் வெளியே வராது. கடைசியில் குச்சோடு சேர்த்து எரித்துவிட வேண்டும். புத்தகம் உள்ளே போனால் புத்தகத்தையும் எரிக்க வேண்டும். சரஸ்வதியை எரிப்பதா? அதனால் உள்ளே கொடுக்கவில்லை. நானே தினமும் வெளியே உட்கார்ந்து வாசித்தேன். அறிவியல் புத்தகம் முழுக்க வாசித்தேன் தம்பி, ஒரு வரி விடாமல். வாயில் நுழையாத பெயர்கள். உள்ளேயிருந்து திருத்துவாள். "தாத்தா, அது அப்படி இல்ல, திரும்ப வாசி." படத்தை எப்படி வாசிப்பது? அதற்கும் வழி பண்ணினேன். மண்ணில் குச்சியால் பெரிதாக வரைந்தேன். அவள் ஓலையை விலக்கிப் பார்ப்பாள். இதயத்துக்கு நாலு அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாசல். "ரத்தம் ஒரு வழியாத்தான் போகும் தாத்தா, திரும்பி வராம கதவு இருக்கும். நீ கதவ விட்டுட்ட"ன்னாள். கதவையும் வரைந்தேன். நல்ல மூளை அவளுக்கு.

முதல் பத்து நாள் அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் பேச்சு குறைந்தது. இப்போது நான் வாசித்தால் உள்ளே இருக்கிறாளா தூங்குகிறாளா என்று தெரியாது. கேட்கிறதா தாயி என்றால், ம் என்பாள். தட்டில் சோறு பாதி திரும்பி வருகிறது. திரும்பி வருகிறது என்றால், வெளியே வராது, சொன்னேனே, அங்கேயே குழியில் கொட்டிவிடுவாள். எறும்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

எஸ்தர் டீச்சர் என்று அவள் வகுப்பு டீச்சர். மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் தடவை நல்லபடியாகப் பேசினார். ரெண்டாம் தடவை அழுதார். மூன்றாம் தடவை ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, நீங்க பஸ்ஸ மறிச்சவரு, கதவு மாட்டினவரு, உங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல? குச்சோட தூக்கிட்டு வாங்க. பள்ளிக்கூடத்துக்குள்ள வைங்க. அதுக்குள்ள இருந்தே எழுதட்டும்"ன்னார்.

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. குச்சைப் பிரித்தால்தானே தப்பு, நகர்த்தினால் தப்பில்லையே. நாலு பேர் நாலு மூலையில் பிடித்தால் தூக்கிவிடலாம். அளந்தேன், அகலம் நாலே கால் முழம். அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வாசலையும் அளந்தேன். மூன்றரைதான். சாய்த்துக் கொண்டுபோனால் அவள் உள்ளே நிற்க முடியாது. டீச்சரிடம் போய், "முக்கால் முழம் இடிக்குதும்மா, வேற வாசல் இருக்கா?"ன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். படித்தவர்கள் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள், அளந்து பார்ப்பதில்லை.

ஹால் டிக்கெட் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அவள் இன்னும் அதைத் தொடவில்லை. தூரத்திலிருந்து காட்டினேன், பெயரும் படமும் சரியாக இருக்கிறதா என்று. சரி என்றாள்.

போன வாரம் பெரிய காற்று. உங்கள் பக்கமும் அடித்ததா? குச்சு அப்படியே சாய்ந்துவிட்டது. கீற்று எல்லாம் காய்ந்து போயிருந்ததல்லவா, கயிறு அறுத்துக்கொண்டு நாலு பக்கமும் பறந்தது. நான் வயலிலிருந்து ஓடி வருகிறேன், அவள் வாசலில் வெட்ட வெளியில் நிற்கிறாள். எத்தனை நாளைக்கு அப்புறம் வெயிலில் பார்க்கிறேன்! வெளுத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் தம்பி. "தாத்தா, விழுந்துருச்சு! அப்ப நான் உள்ள போலாமா?"ன்னாள்.

விழுந்தது வேறு, பிரித்தது வேறு, இல்லையா? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஓடி ஓடிப் பொறுக்கினேன். ஒரு கீற்று கண்மாய்க் கரை வரைக்கும் போய்விட்டது, அதையும் கொண்டுவந்தேன். அவன் கட்டிய அதே கட்டு, அதே முடிச்சு, இம்மி மாறாமல் நிமிர்த்திக் கட்டினேன். பதினொன்றும் சரியாக இருந்தது. கட்டி முடிக்கிற வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள். முடித்ததும் அவளாகவே குனிந்து உள்ளே போய்விட்டாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

என்ன? போன் பண்ணிப் பார்த்தேனா என்றா? யாருக்கு, பூமிநாதனுக்கா? இல்லை. செல்வராணி கேட்டாள், "மாமா, தம்பிக்கு ஒரு போன் போடட்டா?"ன்னு. போடாதே என்றேன். சீர் விஷயத்தைப் போனிலா பேசுவார்கள்? படத்தால் வந்த வருத்தம் படத்தால்தான் தீர வேண்டும். புதுப் பேனர் அடித்து, வெற்றிலைத் தட்டு எடுத்து, மூத்தவன் நேரில் போய் அழைப்பதுதான் முறை. கடைக்காரர் மெஷின் பழுது என்று இழுத்து இழுத்து நேற்று சாயங்காலம்தான் கொடுத்தார். அதனால்தான் கடைசி நாள் ஆகிவிட்டது. அவரைச் சொல்ல வேண்டும்.

கடையில் இருக்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்கிறீர்களா? அது சரிதான். போய்ப் பார்த்து ஆள் இல்லையென்றால் நேரம் வீண். இந்தாருங்கள், இதில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் வரும் என்று செல்வராணி சொன்னாள். நீங்களே அமுக்குங்கள். சத்தமாக வைத்துக் கொடுங்கள், எனக்கு இடது காது மந்தம்.

பூமி, நான்தான்ப்பா... ஆமாம், நானேதான். பஸ்ஸில் இருக்கிறேன்... ஆங்?... ஆங்... இல்லப்பா, உன்னைத்தான் பார்க்க வந்துகொண்டிருக்கிறேன்... குச்சைப் பிரிக்கத்தான்... நாளைக்கு அவளுக்குப் பரீட்சை...

நீங்களும் கேட்டீர்கள் அல்லவா தம்பி? பக்கத்து சீட்டில்கூடக் கேட்டிருக்கும், அப்படிக் கத்தினான். "என்ன மாமா சொல்றீங்க, இன்னுமா அந்தப் புள்ள குச்சுக்குள்ள இருக்கு? அன்னைக்கே நீங்க பிரிச்சு உள்ள விட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்! எனக்குக் கோவமெல்லாம் ஒரு வாரத்துல போச்சு மாமா. அக்காகூட ஒரு வார்த்த சொல்லலையே. நாளைக்குப் பரீட்சைன்னா இப்பவே பிரிங்க. நான் சொன்னேன்னு பிரிங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்." கடைசியில் அழுதானா இருமினானா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அழுதான் என்கிறீர்களா? பாசம் உள்ளவன்தான்.

நல்ல வேளை கேட்டோம். திண்டுக்கல்லில் இல்லையாம். ஒரு கல்யாண ஆர்டருக்குக் கொடைக்கானல் போயிருக்கிறானாம், நேற்றே. திண்டுக்கல் போயிருந்தால் ஏமாந்திருப்பேன். கொடைரோட்டில் இறங்கினால் மலைக்குப் பஸ் கிடைக்கும் இல்லையா?

எதற்கு மலைக்கு என்கிறீர்களே. அவனைக் கூட்டி வரத்தான்.

அவன் சொன்னதைக் கேட்டேன் தம்பி. கோபம் இல்லை என்றான், சந்தோஷம். நீங்களே பிரியுங்கள் என்றான், அது அவன் பெருந்தன்மை. ஆனால் போனில் சொல்வது கை ஆகுமா? வாயால் சொன்னது வாய்தானே? பேச்சிக்கும் அப்படித்தான். அக்கரையில் நின்று மாமா கையை அசைத்தார், பிரித்துக்கொள்ளுங்கள் என்று. எல்லோரும் பார்த்தோம். அதை நம்பித்தான் பிரித்தார்கள்.

இருங்கள், மறுபடி அடிக்கிறது. பூமியாகத்தான் இருக்கும், வருகிறேன் என்று சொல்லப்போகிறான். எடுத்துக் கொடுங்கள்.

யாரு, செல்வராணியா? சொல்லும்மா... ஓ, உன்கிட்டயும் பேசிட்டானா... ஆமாம்மா, என்கிட்டயும் சொன்னான்... அழாம சொல்லு, கேக்கல... யாரு கேக்குறா, இலக்கியாவா?... அவளே பிரிச்சுக்கிட்டு வரட்டுமான்னா?... வேணாம்மா. வேணாம். அவ கை படவே கூடாது. நீயும் தொடாத. அவகிட்ட சொல்லு, ஒரு கீற்று குறையக் கூடாது, தாத்தா எண்ணி வச்சிருக்கேன்னு சொல்லு... ஆமா, பதினொன்னு... டீச்சர் வந்திருக்காங்களா? உக்காரச் சொல்லு, காப்பி குடு. நான் ஆளோட வர்றேன்... பயப்படாதேன்னு சொல்லு. தாத்தா போயிக்கிட்டே இருக்கேன்னு சொல்லு. பஸ்ஸ மறிச்சேன்ல, அது மாதிரின்னு சொல்லு... என்ன சொல்றா?... ஒண்ணும் சொல்லலையா? சரி. வச்சிரு.

பாருங்கள், ஒன்றும் சொல்லவில்லையாம். சமாதானம் ஆகிவிட்டாள்.

இப்போது மணி என்ன? மூன்றா. கொடைரோட்டில் உடனே பஸ் கிடைத்தால் ஏழு மணிக்குள் மலைக்குப் போய்விடலாம். அவனைப் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினால்... ராத்திரி மலையிலிருந்து பஸ் இறங்காதா? நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காய்கறி லாரி இறங்குமே? டிரைவரிடம் கேட்டால் ஏற்றிக்கொள்வான். எனக்குக் கேட்கக் கூச்சம்தான், கேட்டுவிடுவேன். விடிய மதுரை, அங்கிருந்து முதல் பஸ். ஒன்பதரைக்குள் குச்சைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பத்து மணிக்கு அவள் பெஞ்சில் இருப்பாள். முதல் நாள் தமிழ்தான். எனக்கே கொஞ்சம் தெரியும் அது.

பேனரையா? பாருங்களேன், இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை நானும் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சமாகப் பிரியுங்கள், மெதுவாக. பார்த்தீர்களா, இதுதான் பூமிநாதன். பாதிப் பேனருக்கு அவன் ஒருத்தன்தான். மீசையில் முடி எண்ணலாம். இனி யாராவது எங்கடா நீ என்று கேட்க முடியுமா? இந்தப் பக்கம் என் மகன், செல்வராணி, பெரியவர்கள். என் படத்தைக் கீழே இறக்கிவிட்டேன். வயதைப் பார்க்கவில்லை, விட்டுக்கொடுத்தேன்.

இலக்கியாவா? இருக்கிறாள், இருக்கிறாள். இவ்வளவு பெரிய முகம் வைத்ததில் இடம் பற்றவில்லை. கீழே பாருங்கள், இந்த மூலையில். ஆமாம், அந்த நம்பருக்குக் கீழே. குனிந்து பார்த்தால் தெரியும்.

கொடைரோடு வந்துவிட்டது. சுருட்டிக் கொடுங்கள் தம்பி, முகம் மடங்காமல்.

அந்தப் பஸ் வேண்டாம். எதிரில் நிற்கிறதே, அது மதுரைக்குப் போகிற பஸ். அதில் ஏறினால் ஊருக்கல்லவா போய்விடுவேன். நான் போக வேண்டியது மலைக்கு.